பிணப் பூவும் ஓர் இரவு இடைவெளியும்

கேள்வி: சுமத்திராத் தீவின் டைட்டன் ஆரம்தான் உலகிலேயே மிகப் பெரிய பூ என்று படித்தேன். பல நாட்டுத் தாவரவியல் பூங்காக்களில் அது பூக்கும்போது மக்கள் வரிசையில் நின்று பார்க்கிறார்கள். அப்படியிருக்க, அதை அழிந்துவரும் தாவரம் என்பது ஏன்?

பதில்: முதலில் ஒரு திருத்தம். தனிப் பூக்களில் மிகப் பெரியது ரஃப்லேசியா. டைட்டன் ஆரத்தில் நாம் பார்ப்பது நூற்றுக்கணக்கான சிறு பூக்களைத் தண்டின் அடியில் மறைத்து வைத்திருக்கும் மஞ்சரி, அதாவது பூக்கொத்து. கிளைவிடாத மஞ்சரிகளில் அதுவே பெரியது, 3 மீட்டர் உயரம் வரை எழும். இந்தோனேசிய மொழியில் 'புங்கா பங்காய்', அதாவது பிணப் பூ. நம் சேனைக்கிழங்கும் இதே பேரினம்தான். சேனை பூத்த கொல்லையில் நின்றவர்களுக்கு அந்த நாற்றத்தை விளக்க வேண்டியதில்லை.

உங்கள் கேள்விக்கான விடை பூக்கும் முறையிலேயே இருக்கிறது. முதல் நாள் இரவில் பெண் பூக்கள் மகரந்தத்தை ஏற்கத் தயாராகின்றன; நடுத்தண்டு ஏறத்தாழ நம் உடல் வெப்பம் அளவுக்குச் சூடாகி, அழுகிய இறைச்சியின் வாடையைப் பரப்பி, பிணந்தின்னி வண்டுகளையும் ஈக்களையும் அழைக்கிறது. ஆண் பூக்கள் மகரந்தத்தை உதிர்ப்பதோ அடுத்த நாள். அதற்குள் பெண் பூக்களின் பருவம் முடிந்துவிடும். ஆகவே, ஒரு செடி காய்க்க வேண்டுமானால், வண்டு சென்றடையும் தொலைவில், சற்று முன்பாகப் பூத்த இன்னொரு செடி இருந்தாக வேண்டும். முதல் பூவுக்கே பொதுவாக 7 முதல் 10 ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும் செடிக்கு இது கடினமான கணக்கு. செடிகள் நெருங்கி வளர்ந்த காட்டில் அது நிறைவேறியது. எண்ணெய்ப்பனைத் தோட்டங்களுக்காகவும் மரத்துக்காகவும் காடு துண்டாடப்பட்ட பின், எஞ்சிய செடிகள் தனித்தனியே பூத்து, விதையின்றி வாடுகின்றன. கனியைத் தின்று விதை பரப்பும் இருவாச்சிப் பறவைகளுக்கும் கூடுகட்டப் பொந்துள்ள பெருமரங்கள் தேவை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2018-இல் இதை அழியும் அபாயத்தில் உள்ள இனமாக அறிவித்தது. காட்டில் எஞ்சியிருக்கும் வளர்ந்த செடிகள் 1,000-க்கும் குறைவு என்பது மதிப்பீடு.

பூங்காச் செடிகளை நம்பி நாம் ஆறுதலடைய முடியாது என்பதே என் கருத்து. இத்தாலியத் தாவரவியலாளர் ஒடோவார்டோ பெக்காரி 1878-இல் கண்டறிந்து அனுப்பிய விதைகளிலிருந்து வளர்ந்த செடி, 1889-இல் லண்டன் கியூ பூங்காவில் பூத்தது. இன்று பூங்காக்கள் மகரந்தத்தைக் குளிரூட்டிச் சேமித்து, ஒன்றுக்கொன்று அனுப்பி விதை எடுக்கின்றன. ஆனால், அச்செடிகளில் பல, ஒரு சில தாய்ச்செடிகளின் வழிவந்த உடன்பிறப்புகள். எது எதன் வாரிசு என்ற பதிவும் பல இடங்களில் முழுமையாக இல்லை. நெருங்கிய உறவுக்குள்ளேயே கலந்தால் நாற்றுகள் நலிவடையும்.

கேள்வி: பூத்து முடிந்ததும் செடி இறந்துவிடுமா?

பதில்: இறப்பதில்லை. மண்ணுக்குள் கிழங்கு உயிரோடிருக்கும். எடின்பரோ பூங்காவில் 2010-இல் எடைபோட்ட கிழங்கு 153.9 கிலோ இருந்தது. அதிலிருந்து பின்னர் ஒரே ஓர் இலை, சிறு மரம் போலக் கிளைத்து எழும். காட்டில் அதை ஏதோ ஒரு மரக்கன்று என்று எண்ணிக் கடந்துபோவது எளிது.