ஒரே எட்டில் ஏறுகிற பஸ்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

(தாழ்தளப் பேருந்துகள் பற்றி வந்த கடிதங்களில் சில.)

என் அம்மாவுக்கு 74 வயது, இரண்டு முழங்காலும் தேய்மானம். தாழ்தள பஸ் வந்தால் தானாகவே ஏறிக்கொள்கிறார். பழைய பஸ் என்றால் நான் பின்னாலிருந்து தாங்கி ஏற்ற வேண்டும். இவ்வளவு நல்ல விஷயத்தை ஏன் இத்தனை வருஷம் செய்யவில்லை?
*வாசகி, பெரம்பூர்*

நம் ஊரில் பஸ் என்று ஓடியது பெரும்பாலும் லாரிதான், அதுதான் காரணம். லாரி சேஸியை, அதாவது எஞ்சினும் சக்கரமும் பூட்டிய அடிச்சட்டத்தை வாங்கி அதன்மேல் கூண்டு கட்டி, சீட் போட்டு, பஸ் என்று பெயர் வைத்தோம். டிரைவருக்குப் பக்கத்தில் கொதிக்கக் கொதிக்க ஒரு பானட் இருக்கும் பாருங்கள், அதற்குள் எஞ்சின். அங்கிருந்து பின்சக்கரம் வரைக்கும் வண்டியின் வயிற்றுக்கடியில் ஒரு நீள ஷாஃப்ட் சுழல வேண்டும். பின்அச்சின் நடுவில் பூசணிக்காய் மாதிரி டிஃபரன்ஷியல், அதாவது ஷாஃப்ட்டின் சுழற்சியை இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி. டயரோ ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம். இத்தனைக்கும் மேலே தளத்தைப் போட்டால் அது தரையிலிருந்து 900 மில்லிமீட்டர் உயரத்துக்குப் போகாமல் என்ன செய்யும்? சரக்குக்கு அது பொருத்தம், மூட்டையை ஆள் தூக்கிப் போட்டுவிடுவார். உங்கள் அம்மா மூட்டை இல்லை.

தாழ்தள பஸ்ஸில் எஞ்சினைப் பின்பக்கம் கொண்டுபோய்விடுகிறார்கள். அதனால் வயிற்றுக்கடியில் ஷாஃப்ட் கிடையாது. முன்அச்சை நடுவில் வளைத்துக் கீழே இறக்கிவிடுகிறார்கள், ஸ்பிரிங் பட்டைகளுக்குப் பதில் காற்றுப் பைகள் வைக்கிறார்கள். தளம் 400 மில்லிமீட்டருக்கு வந்துவிடுகிறது. ஸ்டாப்பில் நிற்கும்போது இடதுபக்கப் பைகளில் கொஞ்சம் காற்றை வெளியே விட்டால் பஸ் அந்தப் பக்கமாக இன்னும் சில விரல்கடை தாழ்ந்து மண்டியிடும். நீங்கள் கேட்கிற அந்த 'உஸ்' சத்தம் அதுதான்.

இது ஒன்றும் நேற்றைய கண்டுபிடிப்பு இல்லை. ஜெர்மனியின் நியோப்ளான் நிறுவனம் 1976-லேயே இப்படி ஒரு நகரப் பேருந்தைச் செய்தது. 1990-களில் ஐரோப்பிய நகரங்களில் பரவிவிட்டது. பெங்களூரில் வால்வோ தாழ்தள பஸ்கள் 2006-ல் ஓட ஆரம்பித்தன. இந்தியாவின் நகரப் பேருந்துகளுக்கு 2008-ல் மத்திய அரசு வெளியிட்ட அளவுகளில் 900, 650, 400 என்று மூன்று உயரங்களும் எழுதியே இருந்தன. தமிழ்நாட்டில் நாம் ரொம்ப நாள் பெரும்பாலும் முதல் இரண்டிலேயே நின்றுவிட்டோம்.

பஸ்ஸுக்குள் பின்பாதிக்குப் போக மறுபடி படி ஏற வேண்டியிருக்கிறதே? அப்படியென்றால் அது என்ன தாழ்தளம்?
*வாசகர், அம்பத்தூர்*

சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். இதில் இரண்டு வகை உண்டு. முன்னாலிருந்து கடைசி சீட் வரை ஒரே மட்டமாக இருப்பது ஒன்று. அதற்குப் பின்அச்சையே வேறு மாதிரி செய்ய வேண்டும், அதாவது டிஃபரன்ஷியலை ஓரமாகத் தள்ளி, அச்சைக் கீழே இறக்கி, இரண்டு முனையிலும் கியர் வைத்துச் சக்கரத்தை மேலே கொண்டுபோக வேண்டும். விலையும் ஏறும், பராமரிப்பும் கூடும். இரண்டாவது வகையில் முன்வாசலிலிருந்து நடுவாசல் தாண்டும் வரை மட்டம், அதற்குப் பின்னால் எஞ்சினுக்கும் அச்சுக்கும் மேலே தளம் உயர்ந்துவிடும். அசோக் லேலண்டிடம் தமிழ்நாடு வாங்கிய 552 டீசல் பஸ்களும் இந்த இரண்டாவது வகைதான். நடக்கச் சிரமப்படுகிறவர்கள் முன்பாதியில் உட்கார்ந்துகொள்ளலாம் என்பதால் இது நியாயமான சமரசம் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் முழங்கால் நன்றாக இருக்கிறவர்கள் பின்னால் போய் உட்கார வேண்டும், இதைக் கொஞ்சம் கெஞ்சியே கேட்கிறேன்.

எங்கள் ஏரியாவில் நாலு துளி மழை பெய்தால் தெருவே குளம், அப்புறம் தெருவுக்கு மூன்று ஸ்பீடு பிரேக்கர். தாழ்தள பஸ் நமக்கு ஒத்துவராது என்று சிலர் சொல்வது சரிதானே?
*வாசகர், வேளச்சேரி*

இதே வாதத்தை அரசுத் தரப்பும் சென்னை உயர் நீதிமன்றத்தில் வைத்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைக்காகப் பாடுபடும் வைஷ்ணவி ஜெயக்குமார் தொடர்ந்த வழக்கு அது. எல்லோரும் ஏற முடியாத பஸ்ஸை அரசு ஏன் இன்னமும் வாங்குகிறது என்பதுதான் அவர் கேட்டது. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே பொதுப் போக்குவரத்து எல்லோருக்கும் எட்ட வேண்டும் என்று சொல்கிறது. வருஷக்கணக்கில் வழக்கு நடந்து, கடைசியில் 2024 ஆகஸ்டில் முதல் தொகுதியாக 58 தாழ்தள பஸ்கள் சென்னைச் சாலைக்கு வந்தன. இன்றைக்கு உங்கள் ஸ்டாப்பில் வந்து நிற்கிற தாழ்தள பஸ் பல பேர் விடாமல் கேட்டு வாங்கியது.

ஸ்பீடு பிரேக்கருக்கு வருவோம். சாலைகளுக்கு அளவுகள் வகுக்கும் அமைப்பான இந்திய சாலை காங்கிரஸ் சொன்னபடி அது 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். கவனியுங்கள், அகலம் 3.7 மீட்டர்! அப்படி மெதுவாக ஏறி இறங்கும் மேட்டில் தாழ்தள பஸ் தாராளமாகப் போகும். அடிவயிறு உரசுவது ஒரு கூடை தாரைக் குறுக்கே கொட்டி ராத்திரியோடு ராத்திரியாகப் போட்ட மேட்டில்தான். அந்த மேடு பஸ்ஸை மட்டுமா படுத்துகிறது? ஆம்புலன்ஸில் முதுகெலும்பு அடிபட்டுப் படுத்திருப்பவரை நினைத்துப் பாருங்கள். போதாததற்கு, காற்றுப் பை உள்ள பஸ்ஸைத் தாழ்த்த முடிகிற மாதிரி தேவைப்படும் இடத்தில் கொஞ்சம் உயர்த்தவும் முடியும்.

வெள்ளம் பற்றிய கவலை நியாயமானது. தண்ணீர் நிற்கிற சுரங்கப்பாதையில் எந்த பஸ்ஸும் இறங்கக் கூடாது, தாழ்தளத்துக்கு அந்த எல்லை இன்னும் சீக்கிரம் வந்துவிடும். அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வருஷத்தில் சில நாள் தேங்கும் தண்ணீருக்காக மீதி நாளெல்லாம் பாட்டிகளை 900 மில்லிமீட்டர் ஏறச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. டெல்லியிலும் மழை உண்டு, மேடு பள்ளம் உண்டு. 2010 காமன்வெல்த் போட்டிக்கு முன்பிருந்தே அங்கே ஆயிரக்கணக்கில் தாழ்தள பஸ்கள் ஓடியிருக்கின்றன.

தினமும் தாம்பரத்திலிருந்து வேலைக்கு வருகிறேன். சக்கர நாற்காலியில் ஒருவர் ஏறி இதுவரை பார்த்ததில்லை. அவர்களுக்காக இவ்வளவு செலவு தேவையா?
*வாசகர், தாம்பரம்*

அவர் வீட்டிலிருந்து ஸ்டாப்புக்கு வர நடைபாதை இருக்கிறதா? இருந்தாலும் அதன் மேல் பைக் நிற்கிறதா? போகும்போது தாழ்தள பஸ் கிடைத்து, திரும்பும்போது கிடைக்காவிட்டால் அவர் ராத்திரி எங்கே நிற்பார்? பயணத்தில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் முழுப் பயணமும் இல்லை. சிங்கப்பூரில் 2020-க்குள் எல்லாப் பொதுப் பேருந்துகளிலும் சக்கர நாற்காலி ஏறும்படி செய்துவிட்டார்கள், அதனால் அங்கே ஒருவர் எந்த பஸ் வரும் என்று யோசிக்காமலே வீட்டைவிட்டுக் கிளம்ப முடிகிறது. நீங்கள் பார்க்கவில்லை என்பதற்கு அவர்கள் இல்லை என்று அர்த்தமில்லை, வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அதோடு, இது அவர்களுக்கு மட்டுமான பஸ்ஸும் இல்லை. போன மாதம் காலை ஆறரை மணிக்கு ஸ்டாப்பில் நின்றிருந்தேன், பக்கத்தில் கீரைக்கூடையோடு ஒரு அம்மா. முதலில் வந்தது பழைய பஸ். கூடையை மேல்படியில் வைத்தார், ஒரு கையால் கம்பியைப் பிடித்து ஒரு காலை வைத்தார், உடம்பை இழுக்க முடியவில்லை. பின்னால் நின்ற பையன் முழங்கையைப் பிடித்துத் தள்ளினான், அதற்குள் விசில் ஊதிவிட்டார்கள். அவர் கூடையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். அடுத்த பஸ் தாழ்தளம். கூடை இடுப்பிலேயே இருந்தது, நடந்துபோகிற மாதிரியே உள்ளே போய்விட்டார். கம்பியைக்கூடத் தொடவில்லை. கர்ப்பிணி, கைக்குழந்தைக்காரி, கால் கட்டுப் போட்ட கல்லூரிப் பையன், பெட்டியோடு சென்ட்ரலில் இறங்கினவர் என்று இந்தப் பஸ்ஸுக்குச் சொந்தக்காரர்கள் எத்தனையோ பேர். எல்லோரும் சீக்கிரம் ஏறினால் பஸ்ஸும் சீக்கிரம் கிளம்பும், அதனால் உங்களுக்கும் நேரம் மிச்சம்.

மின்சார பஸ் என்றாலே தாழ்தளமா?
*மாணவி, வியாசர்பாடி*

அப்படிக் கட்டாயம் இல்லை, உயரத் தளத்தோடும் செய்கிறார்கள். ஆனால் டீசல் எஞ்சினும் கியர்பாக்ஸும் இல்லாததாலும், பேட்டரியைக் கூரைக்கோ பின்பக்கத்துக்கோ கொண்டுபோக முடிவதாலும், தளத்தைத் தாழ்த்துவது இதில் சுலபம். உங்கள் ஊர் டிப்போவிலிருந்து 2025 ஜூன் 30 அன்று கிளம்பிய 120 மின்சார பஸ்களும் தாழ்தளம்தான்.

நான் கண்டக்டர். நடுவாசலில் சக்கர நாற்காலி ஏறுவதற்கான சரிவுப் பலகையை, அதாவது ரேம்ப்பைத் திறந்துபோட்டால் பின்னாலிருந்து ஹாரன், உள்ளேயிருந்து முணுமுணுப்பு. போட்டாலும் செங்குத்தாக இருப்பதால் இரண்டு பேர் சேர்ந்து தள்ள வேண்டியிருக்கிறது. என்ன செய்ய?
*பெயர் வேண்டாம் என்றவர், சென்னை*

உங்கள் கடிதத்தைத்தான் இரண்டு தடவை படித்தேன். ரேம்ப் மேல் குற்றமில்லை, பஸ் நிற்கிற இடம்தான் பிரச்சினை. ஒரு கணக்குப் போடுங்கள். ரேம்ப் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம், மண்டியிட்ட பஸ்ஸின் தளம் தரையிலிருந்து சுமார் 34 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுரோட்டில் போட்டால் மூன்றுக்கு ஒன்று சரிவு, அதில் தனியாக எவராலும் ஏற முடியாது. அதே ரேம்ப்பை 20 சென்டிமீட்டர் உயரமுள்ள நடைபாதை மேல் போட்டால் ஏற வேண்டியது 14 சென்டிமீட்டர்தான், ஏழுக்கு ஒன்று. கையில் வலுவுள்ளவர் தானே உருட்டிக்கொண்டு வந்துவிடுவார், மற்றவர்களுக்கு ஒரு ஆள் கைகொடுத்தால் போதும்.

ஆக, டிரைவர் ஓரத்தை ஒட்டி நிறுத்த வேண்டும். அதற்கு அங்கே ஆட்டோவும் தள்ளுவண்டியும் நிற்கக் கூடாது, அது உங்கள் கையில் இல்லை என்று தெரியும். எந்தெந்த ஸ்டாப்பில் ஒட்டி நிற்க முடியவில்லை என்று ட்ரிப் முடிந்ததும் டிப்போவில் எழுதிக் கொடுங்கள், எங்களுக்கும் அனுப்புங்கள், ஸ்டாப் பெயர்களைப் போடுகிறோம். ரேம்ப் கீலில் மண் அடைத்தால் அவசரத்தில் திறக்காது, காலையில் ஒரு தடவை திறந்து மூடிப் பார்த்துவிடுங்கள். பயணி ஏறியதும் நாற்காலியின் பிரேக்கைப் போட்டு, பெல்ட்டை மாட்டி, அவர் தலையசைத்த பிறகு விசில் கொடுங்கள். ஹாரன் அடிக்கிறவர் அடிக்கட்டும்.