மார்க் குறைகிறது என்று மகளின் விளையாட்டை நிறுத்தலாமா?

மூன்றாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு மார்க் குறைந்துவிட்டது, சாயங்கால விளையாட்டை நிறுத்திவிட்டு டியூஷனில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். தொடக்கப் பள்ளி ஆசிரியராக இந்தத் தவறை நானே செய்திருக்கிறேன்.

என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். ஓரிடத்தில் உட்கார மாட்டான். கழித்தல் கணக்கில் கடன் வாங்கியதை அடுத்த இலக்கத்துக்குப் போவதற்குள் மறந்துவிடுவான். கணக்கை முடிக்காத நாட்களில் பி.டி. பீரியடில் வகுப்பிலேயே உட்கார்த்தி வைப்பேன். மற்ற பிள்ளைகள் போடும் சத்தம் ஜன்னல் வழியாக வந்துகொண்டே இருக்கும். இவன் காலை ஆட்டியபடி நோட்டையே பார்த்துக்கொண்டிருப்பான். பீரியட் முடியும்போது இரண்டு கணக்கு போட்டிருப்பான், இரண்டும் தப்பாக இருக்கும். ஒரு நாள் எனக்கு வேறு வேலை இருந்ததால் அவனையும் வெளியே அனுப்பிவிட்டேன். வியர்க்க விறுவிறுக்க வந்தான், தண்ணீர் குடித்தான், உட்கார்ந்தான். ஐந்து கணக்கில் நான்கு சரி. கடன் வாங்கிய இடத்தில் எல்லாம் இலக்கத்தை அடித்து, மேலே பொடி எழுத்தில் ஒன்று குறைத்து எழுதியிருந்தான்.

ஒரு பையனை வைத்து மட்டும் இதைச் சொல்லவில்லை. 2009இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஹில்மன் குழுவினர் சில சிறுவர் சிறுமியரை டிரெட்மில்லில் 20 நிமிடம் நடக்கவிட்டுச் சோதித்தார்கள். சும்மா உட்கார்ந்திருந்த நாளைவிட நடந்த நாளில் அவர்களுடைய கவனமும், வாசித்துப் புரிந்துகொள்வதும் மேலாக இருந்தன. உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1970களில் செய்து பார்த்தது. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தினமும் ஒரு மணி நேரம் உடற்கல்வி கொடுத்தார்கள். அந்த நேரத்தைப் பாட வேளையிலிருந்துதான் எடுத்தார்கள். ஆனாலும் அவர்கள் படிப்பில் பின்தங்கவில்லை.

அதற்காக, ஓடினாலே மார்க் ஏறிவிடும் என்று சொல்ல மாட்டேன். எழுத்துக்கூட்டி வாசிக்கத் திணறும் குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் சொல்லித்தர வேண்டும். கண்ணையும் காதையும் ஒரு தடவை பரிசோதித்துவிடுங்கள், பல சமயம் சிக்கல் அங்கேதான் இருக்கும். விளையாட்டு கொடுப்பது, சொல்லித்தருவதை வாங்கிக்கொள்ளும் நிதானத்தை.

5 வயதிலிருந்து 17 வயது வரை, தினமும் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு உடம்பு அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே மூச்சில் வேண்டாம், பிரித்தும் செய்யலாம். பள்ளி விட்டு வந்ததும் நேராக வீட்டுப்பாடத்தில் உட்கார வைக்காதீர்கள். முதலில் ஓடிவிட்டு வரட்டும். கயிறு தாண்டுவது போதும், கோச்சிங் எல்லாம் தேவையில்லை. நேரம் போதவில்லை என்றால் டிவி, செல்போன் பார்க்கும் நேரத்தைக் குறையுங்கள்.

அப்புறம், பள்ளியில் அவளுடைய பி.டி. பீரியடைப் பிடித்து வைக்கிறார்களா என்று அவளிடமே கேளுங்கள். ஆமாம் என்றால் டீச்சரைப் போய்ப் பாருங்கள். அந்தப் பையனின் அம்மா ஒரு நாள் வந்து என்னிடம் கேட்டிருந்தால், அவன் அத்தனை பீரியடை இழந்திருக்க மாட்டான்.