பதினொரு ஆண்டு உழைப்பை ஒரு கையெழுத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள்

கேள்வி: உறைபனி உணவுப் பொருள்களை இறக்குமதி செய்யும் ஒரு நிறுவனத்தின் கிடங்கில் 11 ஆண்டுகளாகப் பெட்டிகளை ஏற்றி இறக்கும் வேலை செய்கிறேன். அடிப்படைச் சம்பளம் 2,400 வெள்ளி. எங்கள் நிறுவனத்தை வேறொரு நிறுவனம் வாங்கிவிட்டதாகப் போன வாரம் சொன்னார்கள். நேற்று மேற்பார்வையாளர் இரண்டு தாள்களை நீட்டினார். ஒன்று, நானே விருப்பப்பட்டு வேலையிலிருந்து விலகுவதாக அச்சிட்ட கடிதம். மற்றொன்று புதிய நிறுவனத்தின் நியமனக் கடிதம்: மூன்று மாதத் தகுதிகாண் காலம், ஆண்டு விடுப்பு 7 நாள், ஆண்டுக்கு ஒருமுறை கூடுதலாகத் தரும் பதின்மூன்றாம் மாதச் சம்பளம் கிடையாது. வரும் வெள்ளிக்கிழமைக்குள் இரண்டிலும் கையெழுத்திட வேண்டுமாம். இரண்டு மாதங்களில் செய்த 60 மணி நேர ஓவர்டைம் பணமும் வரவில்லை. பழைய முதலாளி புதியவரைக் கேட்கச் சொல்கிறார், புதியவர் பழையவரைக் கேட்கச் சொல்கிறார். சிலர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். நான் என்ன செய்வது? (ஈசூன் வாசகர்)

பதில்: கையெழுத்திடுவதற்கு முன்பே எழுதியிருக்கிறீர்கள். அதற்காகவே உங்களைப் பாராட்ட வேண்டும். வழக்கறிஞரான என்னிடம் இத்தகைய கடிதங்களோடு வருபவர்களில் பலர் எல்லாம் முடிந்த பிறகே வருகிறார்கள்.

முதல் தாளில், அதாவது விலகல் கடிதத்தில், எக்காரணம் கொண்டும் கையெழுத்திடாதீர்கள். வியாபாரத்தை விற்பது முதலாளியின் உரிமை. ஆனால் வியாபாரம் கைமாறுவதால் உங்கள் வேலை ஒப்பந்தம் அறுந்துபோவதில்லை. சிங்கப்பூரின் வேலை நியமனச் சட்டத்தின் 18ஏ பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது. நடந்துகொண்டிருக்கும் வியாபாரம் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போனால், அதில் வேலை செய்பவர்களின் ஒப்பந்தமும் கூடவே போகும். அது தொடக்கத்திலிருந்தே புதிய முதலாளியோடு செய்துகொண்ட ஒப்பந்தமாகக் கருதப்படும். பழைய இடத்தில் உழைத்த காலம் புதிய இடத்தில் உழைத்த காலமாகவே எண்ணப்படும். நிபந்தனைகளும் மாறாமல் தொடரும். பதினொரு ஆண்டுகளைக் காப்பாற்ற நீங்கள் ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. சட்டமே அவற்றைத் தூக்கிக்கொண்டு வருகிறது. அதனால்தான் 'நானே விலகுகிறேன்' என்று உங்கள் கையாலேயே எழுதி வாங்கப் பார்க்கிறார்கள். விலகிவிட்டுப் புதிதாகச் சேர்ந்ததாகத் தாளில் பதிவானால், தொடர்ச்சி அறுந்துவிட்டது என்று நாளைக்கு அவர்கள் வாதாடலாம். எதிர்த்து வாதாட வழி உண்டு. ஆனால் நிரூபிக்கும் சுமை உங்கள் தோளில் வந்து விழும்.

ஒரு விஷயத்தை இன்றே சரிபாருங்கள். அவர்கள் வாங்கியது நிறுவனத்தின் பங்குகளையா, வியாபாரத்தை மட்டுமா? பங்குகளை மட்டும் வாங்கியிருந்தால் உங்கள் முதலாளி அதே நிறுவனம்தான். உரிமையாளர் மட்டுமே மாறியிருக்கிறார். அப்போது புதிய நியமனக் கடிதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. சம்பளச் சீட்டில் உள்ள நிறுவனத்தின் பெயரையும் புதிய கடிதத்தில் உள்ள பெயரையும் ஒப்பிடுங்கள். நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான அக்ராவின் பிஸ்ஃபைல் இணையத்தளத்தில் இரண்டின் பதிவு எண்களையும் இலவசமாகத் தேடலாம். எண் வேறாக இருந்தால் 18ஏ பிரிவு உங்களுக்குத் துணை நிற்கும்.

இனி இரண்டாவது தாள். புதிய முதலாளியும் ஊழியரும் பேசி, வேறு நிபந்தனைகளுக்கு ஒப்புக்கொள்வதைச் சட்டம் தடுக்கவில்லை. உங்கள் கையெழுத்துக்கு இவ்வளவு மதிப்பு இருப்பது அதனால்தான். பதின்மூன்றாம் மாதச் சம்பளம் உங்கள் பழைய ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் அது தொடர வேண்டும். நீங்களே ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் போய்விடலாம். ஆண்டு விடுப்பு அப்படியல்ல. முதலாண்டில் 7 நாள், பிறகு ஆண்டுக்கு ஒரு நாள் கூடி எட்டாம் ஆண்டிலிருந்து 14 நாள் என்பது சட்டம் வகுத்த குறைந்தபட்ச அளவு. சட்டத்தைவிடக் குறைவாகத் தரும் நிபந்தனை செல்லாது, நீங்கள் கையெழுத்திட்டிருந்தாலும் செல்லாது. பதினொரு ஆண்டு உழைத்தவரைத் தகுதிகாண் காலத்தில் நிறுத்துவதை என்னால் நியாயம் என்று ஏற்கவே முடியவில்லை.

சேவைக்காலம் இன்னொரு இடத்திலும் கணக்குக்கு வரும். ஒப்பந்தத்தில் முன்னறிவிப்புக் காலம் குறிப்பிடப்படாமல் இருந்தால், 5 ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவருக்கு 4 வாரம் தர வேண்டும். நாளை ஆட்குறைப்பு வந்தால், ஆண்டுக்கு இரண்டு வாரம் முதல் ஒரு மாதச் சம்பளம் வரை தருவது இங்கு நிலவும் வழக்கம். ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால் அது சட்டக் கட்டாயமல்ல. ஆனால் பேச உட்காரும்போது 11 ஆண்டுகள் என்ற எண் உங்கள் கையில் இருக்க வேண்டும். இரண்டு ஆண்டுகூட நிறையாதவருக்கு அந்தத் தொகையைக் கேட்கும் உரிமையே இல்லை என்கிறது சட்டம். உங்களைப் புது ஆளாக்கினால் யாருக்கு லாபம் என்று பாருங்கள்.

ஓவர்டைம் பணத்தைப் பொறுத்தவரை இருவரும் உங்களை அலைக்கழிக்கிறார்கள். வியாபாரத்தோடு பழைய முதலாளியின் கடன்பாடுகளும் சேர்ந்தே மாறுகின்றன. எனவே புதியவர் கைவிரிக்க முடியாது. உடலுழைப்புத் தொழிலாளியான உங்களுக்கு அடிப்படைச் சம்பளம் 4,500 வெள்ளிக்குள் இருப்பதால் ஒன்றரை மடங்கு ஊதியம் உண்டு. 2,400ஐ 12ஆல் பெருக்கி, 52 வாரம் 44 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 12.59 வெள்ளி. ஒன்றரை மடங்கு 18.88. அறுபது மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1,133 வெள்ளி. சம்பளக் காலம் முடிந்த 14 நாளுக்குள் வந்திருக்க வேண்டிய பணம் இது.

வெள்ளிக்கிழமைக்குள் மேற்பார்வையாளருக்கு எழுத்தில், வாட்ஸ்அப்பில் ஆனாலும் சரி, இப்படிப் பதில் அனுப்புங்கள்: "நான் தொடர்ந்து வேலை செய்ய விரும்புகிறேன். நான் விலகவில்லை. 18ஏ பிரிவின்படி என் சேவைக்காலமும் நிபந்தனைகளும் தொடர்வதாக எழுத்தில் உறுதிப்படுத்துங்கள்." பிறகு வழக்கம்போல் வேலைக்குப் போங்கள். இரண்டு தாள்களையும் சம்பளச் சீட்டுகளையும் படம் எடுத்து வையுங்கள். வியாபாரம் மாறும் தேதி, காரணம், விளைவு ஆகியவற்றை முன்கூட்டியே ஊழியர்களுக்கு அறிவிப்பது பழைய முதலாளியின் கடமை. அதை அவர் செய்தாரா என்றும் குறித்துக்கொள்ளுங்கள். சிக்கல் தீராவிட்டால் மனிதவள அமைச்சின் தொழிலாளர் ஆணையரிடம் முறையிடலாம். அறிவிப்பு மிகவும் தாமதமாகியிருந்தால், ஊழியர்கள் புதிய முதலாளிக்கு மாற்றப்படுவதைத் தள்ளிவைக்கவோ அதற்கு நிபந்தனை விதிக்கவோ அவருக்கு அதிகாரம் உண்டு.

ஓவர்டைம் பாக்கிக்கு, வேலையிடத் தகராறுகளைத் தீர்க்க உதவும் டிஏடிஎம் என்னும் முத்தரப்பு அமைப்பில், சிங்பாஸ் என்னும் மின்னிலக்க அடையாளக் கணக்கு வழியாகப் பதிவு செய்யுங்கள். முதலில் சமரசப் பேச்சு நடக்கும். அது பலிக்காவிட்டால் வேலை நியமனக் கோரிக்கை நடுவர் மன்றம் விசாரிக்கும். அங்கு 20,000 வெள்ளி வரை கோரலாம். தொழிற்சங்கத்தின் துணையோடு போனால் 30,000 வரை. என்னைப் போன்ற வழக்கறிஞர்களுக்கு அங்கு இடமில்லை, அதனால் வழக்கறிஞர் செலவும் இல்லை. பாக்கி விழுந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் பதிவு செய்ய வேண்டும். வேலையை விட்டுவிட்டால் ஆறு மாதத்துக்குள்.

ஏற்கெனவே கையெழுத்திட்ட நண்பர்களிடம் இதைக் காட்டுங்கள். வற்புறுத்தி வாங்கிய விலகல், பணிநீக்கத்துக்குச் சமம் என்று 2019 ஏப்ரல் முதல் சட்டமே சொல்கிறது. ஆனால் அந்தப் புகாரைக் கடைசி வேலை நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தேதி குறிப்பிடாமல் கையெழுத்து வாங்கியிருந்தால், அதை இன்றே எழுத்தில் ஆட்சேபிக்கட்டும். வேலை அனுமதியில் இருக்கும் வெளிநாட்டு ஊழியர்களின் அட்டையில் பழைய நிறுவனத்தின் பெயர் இருக்கும். புதிய நிறுவனம் அமைச்சிடம் முறைப்படி மாற்றிக்கொடுத்த பிறகே அவர்கள் அதற்காக வேலை செய்யலாம்.