லிட்டில் ஜோ ஹெர்னாண்டஸ்: தெஹானோ இசை பற்றிய கேள்வி பதில்

கேள்வி: டெக்சாஸில் வாழும் மெக்சிக்க வம்சாவளியினரின் தெஹானோ இசை என்றாலே அக்கார்டியன்தானே? பாடகர் லிட்டில் ஜோவின் குழுவில் ஏன் டிரம்பெட்டும் சாக்ஸபோனும் முன்னால் ஒலிக்கின்றன?

பதில்: அந்த இசைக்கு இரு கிளைகள் உண்டு. அக்கார்டியனைச் சுற்றி வளர்ந்தது கொன்ஹுந்தோ. ஊதுகருவிகள் நிறைந்தது ஓர்கெஸ்தா. இரண்டாவதை 1940களில் நிலைநிறுத்தியவர் சாக்ஸபோன் கலைஞர் பெத்தோ வில்லா. ஜோ அவர் வழியில் வந்தவர்.

கேள்வி: இசைப் பின்னணி உள்ள குடும்பமா?

பதில்: உழைப்பாளிக் குடும்பம். 1940இல் டெக்சாஸின் டெம்பிள் நகரில் பிறந்தார். பதின்மூன்று பிள்ளைகளில் ஒருவர். சிறுவயதில் பருத்தி எடுத்தவர். உறவினர் டேவிட் கொரொனாடோவின் லத்தீனேர்ஸ் குழுவில் சேர்ந்து, பிறகு அதன் தலைவரானார். உடன் வாசித்த தம்பி ஜெஸ்ஸி 1964இல் கார் விபத்தில் இறந்தது பேரிழப்பு. அதன் பிறகும் குழுவைக் கலையவிடாமல் காத்தார் என்பதே எனக்கு அவர்மேல் பெருமதிப்பு வரக் காரணம்.

கேள்வி: குழுவின் பெயர் ஏன் 'லா ஃபமிலியா' (குடும்பம்) ஆனது?

பதில்: 1960களின் இறுதியில் சான் பிரான்சிஸ்கோ பகுதியின் லத்தீன் ராக் இசையும், மெக்சிக்க அமெரிக்கர்களின் சிகானோ உரிமை இயக்கமும் அவரை ஆட்கொண்டன. தலைமுடி வளர்ந்தது, உடை மாறியது, பெயரும் மாறியது.

கேள்வி: 'லாஸ் நூபெஸ்' (மேகங்கள்) பாட்டுக்கு ஏன் அத்தனை மரியாதை?

பதில்: 1972இல் வந்த 'பாரா லா ஹென்தே' இசைத்தட்டில் உள்ள பாட்டு அது. பண்ணைத் தொழிலாளர்களுக்காக சீசர் சாவேஸ் போராடிவந்த காலம். உரிமை முழக்கம் எதுவும் அதில் இல்லை. மனம் நொந்தவனின் பாட்டுதான். ஆனாலும் தொழிலாளர்கள் அதைத் தங்கள் கீதமாகவே ஏற்றுக்கொண்டார்கள். இசையமைப்பே காரணம் என்பேன். மெக்சிக்க நாட்டுப்புறப் பாட்டான ராஞ்சேராவின் மெட்டு, போல்கா என்னும் துள்ளல் நடனத் தாளத்தில் போய்க்கொண்டிருக்கும். சட்டென்று ஊதுகருவிகள் ஜாஸ் நடைக்குத் தாவும். மறுபடி மண்ணுக்கே திரும்பும். வயல்வேலைக்காரனின் மெட்டு எந்தப் பெரிய அரங்கின் இசைக்கும் சளைத்ததல்ல என்று காட்டிவிட்டார். ஏளனத்துக்கு ஆளான ஒரு சமூகத்துக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்!

கேள்வி: விருதுகள்?

பதில்: கிராமி விருது ஒன்றுக்கு மேல் பெற்றிருக்கிறார். முதலாவது, 'தியெஸ் இ செய்ஸ் தெ செப்தியெம்ப்ரே' இசைத்தட்டுக்குக் கிடைத்தது.

கேள்வி: புதிதாகக் கேட்பவர் எதில் தொடங்கலாம்?

பதில்: முதலில் பெத்தோ வில்லாவின் ஒரு போல்காவைக் கேளுங்கள். உடனே 'லாஸ் நூபெஸ்' கேளுங்கள். ஓர்கெஸ்தாவை ஜோ எங்கே கொண்டுபோனார் என்பது அப்போதே பிடிபடும்.