அழிந்த கதிர்வீச்சுக் குறிகளை வீட்டில் வரையலாமா?

வேலூரில் கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெறும் அம்மாவை மதுரை வீட்டுக்கு அழைத்து வந்தபின், கதிர் விழ வேண்டிய இடத்தைக் காட்டத் தோலில் போட்ட குறிகள் அழிந்துவிட்டன, நாமே வரையலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், நீங்களே பேனாவால் வரைந்துவிடாதீர்கள். அம்மாவின் அடிவயிற்றில் போட்ட குறி சற்று விலகினாலும் கதிர் விழும் இடம் மாறக்கூடும்.

வேலூரிலிருந்து மதுரை வரை பேருந்தில் வந்த வியர்வையும், சேலைக்கட்டு இடுப்பில் உரசியதும், வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் குளித்ததுமே பெரும்பாலும் காரணமாக இருக்கும். மங்கலாகவேனும் கோடு தெரிகிறதா, சிறு புள்ளியாகப் பச்சை குத்தியிருக்கிறார்களா என்று நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். எப்படியிருந்தாலும் திங்கள்கிழமை சற்று முன்னதாகவே சென்று, அம்மாவை இயந்திரத்தில் படுக்க வைப்பதற்கு முன் அங்குள்ள டெக்னீஷியனிடம் சொல்லிவிடுங்கள். அவர்களே சரிபார்த்துக் குறித்துவிடுவார்கள்.

குறிகள் முழுவதும் போயிருந்தால் கதிர் விழும் இடத்தைத் திட்டமிட எடுத்த ஸ்கேனை மறுபடியும் எடுக்க நேரலாம். அதற்குப் பயந்து ஒரு நாளையும் தவறவிடாதீர்கள், ஏனெனில் கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்க்கு உள்கதிர்வீச்சையும் (உடலுக்குள் வைத்துக் கொடுக்கும் கதிர்வீச்சு) சேர்த்து மொத்தச் சிகிச்சையும் 8 வாரங்களுக்குள் முடிவது மிக முக்கியம்.

இன்னொன்று: அடுத்த முறை ரயிலில் வாருங்கள். மருத்துவமனைச் சான்றிதழ் இருந்தால், சிகிச்சைப் பயணத்துக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் புற்றுநோயாளிக்குக் கட்டணம் இல்லை; உடன் வரும் ஒருவருக்கு 75 சதவீதம் சலுகை உண்டு.