பழைய தொழிற்கட்டடங்களை, அவற்றின் இயல்பு கெடாமல் வீடுகளாக மாற்ற முடியுமா?

முடியும். ஆனால், எதை அந்தக் கட்டடத்தின் இயல்பு என்று கொள்கிறோம் என்பதைப் பொறுத்தே விடை அமையும். வெளிச்சுவரை நிறுத்தி வைத்துவிட்டால் போதும், உள்ளே எதை வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம் என்று எண்ணுவோர் பலர். நான் வசிக்கும் வியன்னாவின் சிம்மரிங் பகுதியில் உள்ள நான்கு காசோமீட்டர்களை, அதாவது பழைய வாயு சேமிப்புக் கட்டடங்களை வைத்தே இதை விளக்க விரும்புகிறேன். ஒரே காலத்தில் ஒரே வடிவில் கட்டப்பட்ட அந்த நான்கையும் வெவ்வேறு கட்டடக்கலைஞர் தரப்பினர் நால்வரிடம் ஒப்படைத்ததால், ஒரே கேள்விக்கு நான்கு விடைகளை அங்கே அருகருகே காணலாம்.

இவை 1896 முதல் 1899 வரை, நிலக்கரி வாயுவைச் சேமிப்பதற்காகக் கட்டப்பட்டவை. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 90,000 கன மீட்டர் வாயு கொள்ளும். நீர்த்தொட்டியில் கவிழ்த்து வைத்த செம்பைப் போல ஒரு பெரிய இரும்புக் கலன் உள்ளே இருந்தது. வாயு நிறைய நிறைய அது மேலே எழும், வாயு செலவாகச் செலவாகக் கீழே இறங்கும். வாயுவைத் தாங்கியது அந்தக் கலன்தான். நாம் வெளியிலிருந்து வியந்து பார்க்கும் செங்கல் சுவர், கலனைக் குளிரிலிருந்து காக்கவும் நகரத்தார் கண்ணுக்கு அழகாகத் தோன்றவும் எழுப்பப்பட்ட உறை. ஆகவே, அந்தச் சுவருக்குள் வேறொன்றை வைப்பது கட்டடத்தின் பிறவிக் குணத்துக்கு முரணானதன்று என்பதே என் எண்ணம்.

இயற்கை எரிவாயு வந்தபின் இவற்றுக்கு வேலையில்லாமல் போனது. 1984இல் பயன்பாடு நின்றது. 1999 முதல் 2001 வரை நடந்த மாற்றத்தில் அறுநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் உருவாயின.

நான்கில் எனக்கு மிகவும் பிடித்தது ழான் நூவெல் வடிவமைத்தது. வீடுகளை ஒரே வளையமாக அடைத்துவிடாமல் தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்து, இடையே வெளி விட்டிருக்கிறார். அந்த இடைவெளிகளின் வழியே பழைய சுவரின் உட்புறம் தெரிகிறது. புதிய பகுதிகளின் பளபளக்கும் உலோக முகப்புகளிலும் அதே செங்கல் பிரதிபலிக்கிறது. வில்ஹெல்ம் ஹோல்ஸ்பவர் இதற்கு நேர்மாறான வழியை எடுத்தார். புதிய கட்டடத்தை நடுவில் வைத்து மூன்று கைகளாக நீட்டியதால், வீடுகள் வெளிப்புறம் நோக்குகின்றன; வீட்டுக்கும் செங்கல் சுவருக்கும் இடையே முற்றங்கள் கிடைத்தன. இன்னொன்றில் கூப் ஹிம்மல்பிளாவ் குழுவினர் சுவருக்கு வெளியே ஒரு வளைந்த புதுக் கட்டடத்தையே சாய்த்து நிறுத்தினார்கள். பழையதைப் போலப் பாவனை செய்யாத அந்தத் துணிவை மதிக்கிறேன், ஆனாலும் கண்ணுக்கு அது இன்னும் பழகவில்லை. மரபுக் கட்டடப் பாதுகாப்பில் தேர்ந்த மான்ஃப்ரெட் வேடோர்ன் நான்காமதைச் செய்தார்.

இவ்வகை மாற்றங்களில் உண்மையான சிக்கல் வெளிச்சம். ஏறத்தாழ 60 மீட்டர் விட்டமுள்ள உருளையில் மனிதர் வாழ வேண்டுமானால் வெயில் எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். வியன்னாவில் குவிமாடங்களின் பழைய மூடுகூரை அகற்றப்பட்டது, சுவரிலும் புதிய சாளரங்கள் திறக்கப்பட்டன. பாதுகாக்கப்பட்ட சின்னத்தில் ஓட்டையிடலாமா என்று கேட்பது எளிது. ஓட்டையிடாமல் அதில் யாரைக் குடிவைப்பது?

இழந்தது என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், உள்ளிருந்த வெட்டவெளியைச் சொல்வேன். பயன்பாடின்றிக் கிடந்த காலத்தில் இசை நிகழ்ச்சிகளுக்கு வந்தவர்களை ஈர்த்தது அந்த வெளியும் அதன் எதிரொலியுமே.

இந்த விஷயத்தில் லண்டனின் கிங்ஸ் கிராஸ் பகுதி சற்றுத் தெளிவாக நடந்துகொண்டது. அங்கிருந்த வாயுக் கலன்களைச் சுற்றி நின்றவை சுவரில்லாத வார்ப்பிரும்புச் சட்டகங்கள். அவற்றைப் பிரித்தெடுத்துச் செப்பனிட்டு, வேறிடத்தில் மீண்டும் நிறுத்தினார்கள். ஒன்றோடொன்று இணைந்த மூன்று சட்டகங்களுக்குள் வில்கின்சன் ஐர் நிறுவனம் வடிவமைத்த 145 வீடுகள் 2018இல் நிறைவுற்றன. கலன்கள் ஏறி இறங்கியதை நினைவூட்டும்படி மூன்று வட்டக் கட்டடங்களும் வெவ்வேறு உயரத்தில் நிற்கின்றன. நான்காவது சட்டகத்தை நிரப்பாமல் புல்வெளிப் பூங்காவாக விட்டுவிட்டார்கள். அதனுள் நின்று பார்த்தபின்னரே மற்ற மூன்றும் முன்பு எப்படி இருந்திருக்கும் என்பது பார்ப்பவருக்குப் புரிகிறது. வியன்னாவிலும் ஒன்றை இவ்வாறு விட்டிருக்கலாம் என்பது என் கருத்து. ஆயினும், 1984க்குப் பின் பதினைந்து ஆண்டுகள் நிலையான பயனின்றி நின்ற கட்டடங்களுக்குச் செலவு செய்ய ஒரு காரணத்தைத் தந்தவை அந்த வீடுகளே என்பதையும் நான் மறுக்க மாட்டேன்.