வகுப்பு நிறைய ஆட்கள் இருந்தும் மருத்துவ மாணவிகளுக்கு ஏன் தனிமை?

முதலாண்டில் உடற்கூறியல் மேசையைச் சுற்றி உருவாகும் நட்பு, வார்டு போஸ்டிங் (மருத்துவமனைப் பிரிவுகளில் மாறி மாறிப் பயிற்சி) தொடங்கியதும் சிதறிவிடும். சில வாரங்களுக்கு ஒருமுறை பிரிவு மாறும், கூட இருப்பவர்களும் மாறுவார்கள். நைட் டியூட்டி முடித்துத் தூங்கும்போதுதான் வெளி நண்பர்கள் விழித்திருப்பார்கள். அறுவை சிகிச்சை போன்ற துறைகளில் மனம்விட்டுப் பேசப் பெண் சீனியர்களும் குறைவு.

இந்தத் தனிமையை அளந்து பார்க்கலாம். துணையில்லை, ஒதுக்கப்படுகிறேன், தனித்து நிற்கிறேன் என்ற மூன்று உணர்வுகளுக்கும் அரிதாக என்றால் 1, சில நேரம் 2, அடிக்கடி 3. கூட்டினால் 6 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனியுங்கள்.

'பரீட்சை முடியட்டும்' என்ற ஒத்திவைப்புதான் பெரிய வில்லன். அடுத்த பரீட்சை வந்து நிற்கும். போஸ்டிங் அட்டவணை கையில் கிடைத்த அன்றே, வேறு யூனிட்டில் இருக்கும் ஒரு தோழியோடு வாரம் 20 நிமிடம் குறித்துவிடுங்கள். தூக்கமும் பசியும் 2 வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால் மனச்சோர்வாக இருக்கலாம். மனநல மருத்துவரைப் பாருங்கள்.